மண்ணும் மலமும் ஒன்றல்ல



இந்தச் சொற்பொழிவுக்கு எனக்குத் தலைப்பாகத் தரப்பட்டது ஒரு கேள்வி. அளவுக்கு மீறிய சுத்தமும் நோய்க் கட்டுப்பாடும் நம் உடலின் இயற்கையான எதிர்ப்பாற்றலைக் கெடுத்துவிட்டனவா? கேரள எல்லையில் இருக்கும் இந்த நாடுகாணியில் இப்படிக் கேட்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2020இல் இந்தச் சாவடியில்தான் இ-பாஸ் காட்டி ஏறினோம், இறங்கினோம். 2024இல் மலப்புரம் மாவட்டத்தில் நிபா வைரஸுக்கு ஜூலையில் ஒரு பள்ளி மாணவனும் செப்டம்பரில் ஓர் இளைஞரும் பலியானபோது, சுரம் ஏறி வந்த வண்டிகளை நிறுத்தி சுகாதாரத் துறையினர் காய்ச்சல் பார்த்தார்கள். அப்படிக் காத்து நின்ற நேரங்களில் எல்லோர் வாயிலும் வந்த பேச்சு ஒன்று உண்டு: "நாங்க எல்லாம் மண்ணுல புரண்டு, ஓடைத் தண்ணி குடிச்சு வளர்ந்தவங்க. எங்களுக்கு என்ன வந்துச்சு?"

இந்தப் பேச்சை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். இதில் ஒரு பாதி உண்மை. அந்த உண்மையை உலகின் சிறந்த ஆய்வுக்கூடங்கள் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் துருவிக்கொண்டிருக்கின்றன. மறுபாதி குழந்தைகளைக் கொல்லக்கூடியது. எது எந்தப் பாதி என்று பிரித்துப் பார்ப்பதே இன்று என் வேலை.

முதலில் அந்தப் பேச்சைப் பேசுவது யார் என்று பாருங்கள். பிழைத்தவர்கள். ஆறு பிள்ளை பெற்று மூன்றைப் புதைத்த பாட்டிகள் இந்த மலையில் எத்தனை பேர்! பேதியில் போன பிள்ளையும் தட்டம்மையில் போன பிள்ளையும் "எங்களுக்கு என்ன வந்துச்சு" என்று சொல்ல வருவதில்லை. எதிர்ப்பாற்றலைப் பற்றிப் பேசும்போது அவர்களையும் எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இயற்கை எதிர்ப்பாற்றல் என்று நாம் பெருமையாகச் சொல்வதன் உலகறிந்த உதாரணம் இந்த மண்ணில்தான் இருக்கிறது. கூடலூர், பந்தலூர், வயநாடு என்ற இந்தக் காட்டுப் பரப்பு ஒரு காலத்தில் மலேரியாவின் வீடு. 1880ஐ ஒட்டிய ஆண்டுகளில் தேவாலாவிலும் பந்தலூரிலும் தங்கம் எடுக்க லண்டனில் பணம் திரட்டிக் கம்பெனிகள் வந்தன. பொன் தேறவில்லை, காய்ச்சல் தேறியது. மேலே நடுவட்டத்தில் வெள்ளைக்கார அரசு சிங்கோனா மரம் வளர்த்துப் பட்டையிலிருந்து கொயினா எடுத்ததே இந்தக் காய்ச்சலுக்காகத்தான். ரொனால்ட் ராஸ் 1897இல் ஊட்டிக்கு விடுப்பில் வந்து, மலேரியாவை ஆராயச் சீகூர் சரிவில் இறங்கி, தானே காய்ச்சலில் விழுந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில்தான் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் ஒட்டுண்ணியைக் கண்டார்.

வெளியிலிருந்து வந்தவர்கள் சுருண்டு விழுந்த இதே காட்டில் பனியரும் குறும்பரும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். அதற்கு ஒரு காரணம் அவர்கள் இரத்தத்தில் இருந்தது. ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடி மக்களின் இரத்தத்தைச் சோதித்து, அரிவாள் செல் பண்பு இங்கே இருப்பதை 1952இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். இந்தியாவில் அது இருப்பது வெளியுலகுக்குத் தெரிந்தது அப்போதுதான். அதே ஆண்டில் வேறு ஆய்வாளர்கள் அதை அசாம் தோட்டத் தொழிலாளரிடமும் கண்டறிந்தார்கள்.

இந்தப் பண்பை ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பெற்ற பிள்ளை பெரும்பாலும் சுகமாக இருக்கும். மலேரியா ஒட்டுண்ணி அந்தச் சிவப்பணுக்களில் செழிக்காது. உயிரைப் பறிக்கும் கடுமையான மலேரியா வரும் வாய்ப்பு பத்தில் ஒன்றாகக் குறைந்துவிடும். இரு பெற்றோரிடமிருந்தும் பெற்ற பிள்ளைக்கோ அணுக்கள் அரிவாள்போல் வளைந்து நுண்குழாய்களை அடைக்கும். எலும்பைக் குடையும் வலி வரும், சோகை வரும். சிறு வயதிலேயே மண்ணீரல் செயலிழக்கத் தொடங்கும். பண்பு உள்ள இருவர் மணந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு இந்த ஆபத்து.

இந்த எதிர்ப்பாற்றலை இயற்கை எப்படி உண்டாக்கியது என்று யோசித்துப் பாருங்கள். பண்பே இல்லாத பிள்ளைகளை மலேரியா எடுத்துக்கொண்டது. இரட்டையாகப் பெற்ற பிள்ளைகளைச் சோகை எடுத்துக்கொண்டது. நடுவில் நின்றவர்கள் வளர்ந்து பிள்ளை பெற்றார்கள். எண்ணற்ற தலைமுறைகளின் குழந்தைச் சாவுகள் சேர்ந்து அந்தக் கவசத்தைச் செய்தன. பிறகு டி.டி.டி. கொசு மருந்து வந்தது, காடு தோட்டமானது, மலேரியா ஒடுங்கியது. கவசத்துக்குத் தேவையில்லாமல் போயிற்று. அதற்கான விலையை மட்டும் பனியர் வீட்டுப் பிள்ளைகள் இன்றும் செலுத்துகிறார்கள். மண்ணீரல் கெட்ட அந்தப் பிள்ளைக்கு நிமோனியாக் கிருமி எமன். தினமும் பென்சிலின் கொடுத்தால் அந்தக் கிருமித் தொற்று 84 சதவீதம் குறைகிறது என்று 1986இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. நிமோனியாத் தடுப்பூசி 2021 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசம். உலகத்துப் பாடநூல்கள் எல்லாம் சொல்லும் இயற்கை எதிர்ப்பாற்றலைச் சுமந்த சமூகத்துப் பிள்ளைக்குத்தான் தடுப்பூசியும் மருந்தும் மற்ற எவரையும்விட அதிகமாகத் தேவைப்படுகின்றன. கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையில் ஆதிவாசிப் பெண்களே செவிலியராகி, ஊர் ஊராக நடந்து இந்தப் பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடித்துப் பேணிவருகிறார்கள். அந்த வேலையை ஒருமுறை உடன் நின்று பார்த்தவர் நோய் உடலுக்கு ஆசிரியர் என்று சொல்ல மாட்டார்.

இனி மறுபக்கம். அதையும் முழு மனத்தோடு சொல்ல வேண்டும்.

சுத்தம் ஒரு நோயைக் கொடியதாக்கியதற்கு வரலாற்றில் சான்று இருக்கிறது. அது போலியோ என்ற இளம்பிள்ளைவாதம். முன்காலத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் அந்தக் கிருமி கைக்குழந்தைப் பருவத்திலேயே தொற்றிவிடும். தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்புப்பொருள் உடம்பில் இருக்கும்போதே தொற்றுவதால் பெரும்பாலான பிள்ளைகள் தப்பிவிடும். மேலைநாட்டு நகரங்களில் சாக்கடையும் குழாய்த் தண்ணீரும் சீரானபோது தொற்று தள்ளிப்போனது. தாய் தந்த காவல் தீர்ந்த பிறகு, ஐந்து வயதிலும் பத்து வயதிலும் வந்தது. கை கால்களை முடக்கியது. 1916இல் நியூயார்க் நகரத்தில் மட்டும் சுமார் 9,000 பேருக்கு வந்து 2,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

இதைச் சொல்லி நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. நான் நிறுத்த மாட்டேன். அப்படியானால் சாக்கடை சீராகாத நம் நாட்டில் பிள்ளைகள் தப்பியிருக்க வேண்டும் அல்லவா? நாமும் வெகுகாலம் அப்படித்தான் நம்பினோம். பிறகு 1970களிலும் 80களிலும் பள்ளி பள்ளியாகப் போய்க் கால் ஊனமுற்ற பிள்ளைகளை எண்ணிப் பார்த்தார்கள். ஆண்டுக்கு இரண்டு லட்சம் பேர் என்ற மதிப்பீடு வந்தது. அழுக்கு நம் பிள்ளைகளைக் காக்கவில்லை. சொட்டு மருந்துதான் காத்தது. இயற்கையான இளம்பிள்ளைவாதக் கிருமி தாக்கிய இந்தியாவின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் ஹவுராவில் கண்டறியப்பட்ட ஒரு சிறுமி.

ஒவ்வாமையின் கதை வேறு. அதில்தான் அந்தப் பாதி உண்மை இருக்கிறது. 1958ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு வாரத்தில் பிரிட்டனில் பிறந்த 17,414 பேரின் விவரங்களை டேவிட் ஸ்ட்ராக்கன் என்ற ஆய்வாளர் அலசினார். மூத்த அண்ணன் அக்காள் பலர் இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு மகரந்த ஒவ்வாமைத் தும்மல் குறைவு என்று 1989இல் எழுதினார். சிறுவயதில் உடன்பிறந்தாரிடமிருந்து தொற்றிய கிருமிகள் காத்திருக்கலாம் என்று அவர் ஊகித்தார். அதே ஆண்டு பெர்லின் சுவர் விழுந்தது. புகை கக்கும் கிழக்கு ஜெர்மனியில் ஆஸ்துமா மிகுந்திருக்கும் என்று எதிர்பார்த்துப் போன எரிகா ஃபான் மூட்டியஸ், லைப்சிக், ஹாலே நகரப் பிள்ளைகளைவிட மியூனிக் நகரப் பிள்ளைகளுக்கே ஒவ்வாமை அதிகம் என்று கண்டார். பிறகு ஆய்வாளர்கள் ஆல்ப்ஸ் மலை மாட்டுப் பண்ணைகளுக்குப் போனார்கள். கைக்குழந்தையாக இருக்கும்போதே தொழுவத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இளைப்பும் ஒவ்வாமையும் குறைவாக இருந்தன.

இவற்றுள் என் மனத்தை அதிகம் பிடித்தது 2016இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு. ஆமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு கிறிஸ்தவ விவசாயச் சமூகங்கள். இரண்டின் மூதாதையரும் நடு ஐரோப்பாவைச் சேர்ந்தவர்கள். பெரிய குடும்பம், நெடுநாள் தாய்ப்பால், உணவு, குழந்தைத் தடுப்பூசி எல்லாம் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்று. ஆமிஷ் மக்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே தொழுவம் வைத்து மாடும் குதிரையும் வளர்ப்பவர்கள். ஹட்டரைட் மக்களின் பண்ணை எந்திரமயமானது, வீட்டிலிருந்து விலகியது. ஆமிஷ் பிள்ளைகளில் ஆஸ்துமா சுமார் 5 சதவீதம், ஹட்டரைட் பிள்ளைகளில் சுமார் 21 சதவீதம். ஆமிஷ் வீட்டுத் தூசியை எலிகளின் மூக்கில் இட்டபோது அவற்றுக்கும் இளைப்பு வராமல் காத்தது. தடுப்பூசி இரண்டு பக்கமும் ஒன்றே என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வித்தியாசத்தை உண்டாக்கியது தொழுவம்.

லண்டனில் கிரஹாம் ரூக் என்ற ஆய்வாளர் 2003 முதல் இதற்கு ஒரு விளக்கம் சொல்லிவருகிறார். மண்ணிலும் செடியிலும் மாட்டிலும் தாயின் உடலிலும் உள்ள நுண்ணுயிர்கள் மனித இனத்தோடு தொடக்கம் முதலே கூட இருந்தவை. எதை எதிர்ப்பது, எதைப் பொறுத்துக்கொள்வது என்று நம் உடல் அவற்றிடமிருந்து பழகுகிறது. தட்டம்மை, காலரா, பெரியம்மை போன்ற கூட்ட நோய்கள் மனிதர் பெருங்கூட்டமாக வாழத் தொடங்கிய பிறகு வந்தவை. அவற்றிடமிருந்து கற்பதற்கு ஒன்றும் இல்லை. நாம் இழந்தது முன்னதை. அதைப் பறித்தது சோப்பு அன்று. சுற்றிலும் சிமெண்டு, வெளியே வராத பிள்ளை, புட்டிப்பால், சளிக்கெல்லாம் ஆன்டிபயாடிக் என்று நம் வாழ்க்கை மாறிய விதமே அந்த உறவை அறுத்தது.

இப்போது தமிழ்நாட்டுக்குள் வருவோம். கிருமி நிறைந்த சூழல் பிள்ளையைப் பலப்படுத்தும் என்றால் அது வேலூரில் தெரிந்திருக்க வேண்டும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ககன்தீப் காங்கும் அவர் குழுவினரும் நகரின் நெரிசலான குடியிருப்புகளில் 452 குழந்தைகளைப் பிறந்தது முதல் மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்து, ரோட்டா வைரஸ் எத்தனை முறை தொற்றுகிறது என்று பார்த்தார்கள். 2011இல் முடிவு வந்தது. மெக்சிகோவில் இரண்டு முறை தொற்றிய குழந்தைக்கு அதன்பின் கடும் வயிற்றுப்போக்கு வரவேயில்லை. வேலூரில் மூன்று முறை தொற்றிய பிறகும் 79 சதவீதப் பாதுகாப்புத்தான் கிடைத்தது. அதே வேலூரில் டி. ஜேக்கப் ஜான் 1970களிலேயே இன்னொன்றைக் கண்டிருந்தார். மேலைநாட்டில் மூன்று தவணையில் காக்கிற போலியோ சொட்டு மருந்து நம் பிள்ளைகளுக்குப் போதவில்லை. ஓயாமல் கிருமி நுழையும் குடலின் உட்சுவர் புண்பட்டுத் தட்டையாகிறது. உண்ட சோறும் உடம்பில் ஒட்டுவதில்லை, கொடுத்த மருந்தும் பிடிப்பதில்லை.

செங்கல்பட்டின் அனுபவமும் இதனோடு சேர்ந்தது. 1968இல் தொடங்கி அந்த மாவட்டத்தில் லட்சக்கணக்கானோருக்கு பி.சி.ஜி. போட்டு, உலகிலேயே பெரிய காசநோய்த் தடுப்பூசி ஆய்வை நடத்தினார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசத்தை அது தடுக்கவில்லை என்று 1979இல் தெரிந்தபோது உலகமே அதிர்ந்தது. அங்கே மண்ணிலும் நீரிலும் இருக்கும் காசக் கிருமியின் ஒன்றுவிட்ட உறவுகள் முன்பே உடம்பில் பழகிவிட்டதால் தடுப்பூசிக்குச் செய்ய இடமில்லாமல் போயிருக்கலாம் என்பது முக்கியமான விளக்கங்களில் ஒன்று. ஆக மண்ணின் நுண்ணுயிரும் எப்போதும் நமக்கு நன்மையே செய்யும் என்று நான் சொல்லவில்லை. மறுபுறம், சென்னையில் 2010இல் வெளியான ஓர் ஆய்வில் நீரிழிவு உள்ளவர்களிடம் யானைக்கால் புழுத் தொற்று குறைவாகவே இருந்தது. அதற்காக யானைக்காலை எவரும் விரும்பி வாங்கிக்கொள்ள மாட்டோம்.

தட்டம்மை இன்னும் மோசம். "ஒரு தடவை வந்துட்டுப் போகட்டும், உடம்பு தேறும்" என்று சொல்லும் வீடுகள் இன்றும் உண்டு. பிள்ளை அதுவரை எந்தெந்தக் கிருமிகளோடு போராடி எதிர்ப்புப்பொருள் சேர்த்து வைத்திருந்ததோ, அந்தச் சேமிப்பைத் தட்டம்மை அழிக்கிறது. 11 முதல் 73 சதவீதம் வரை அழிந்ததை 2019இல் அளந்து காட்டினார்கள். தட்டம்மை தேறிய பிள்ளை பிறகு ஓரிரு ஆண்டுகள் நிமோனியாவிலும் பேதியிலும் அடிபடுவது அதனால்தான். தடுப்பூசி அப்படி எதையும் அழிப்பதில்லை. சுரத்துக்குக் கீழே மலப்புரத்தில் 2015, 2016 ஆண்டுகளில் தொண்டை அடைப்பான் திரும்பி வந்து பிள்ளைகளைக் கொண்டுபோனது. ஊசி போடாமலும் பாதியில் விட்டும் இருந்த பிள்ளைகளையே அது தேடிப் பிடித்தது.

மலப்புரத்தைச் சொன்னேன். இந்தச் சொற்பொழிவில் எனக்கு மிகவும் முக்கியமான செய்தி அங்கேதான் இருக்கிறது. 2024இல் அந்த மாவட்டத்தில் மஞ்சள்காமாலை பெருவாரியாகப் பரவியது. நிலம்பூர்ப் பக்கம் போத்துக்கல், சாலியார் ஊராட்சிகள் கடுமையாக அடிபட்டன. உயிர்கள் போயின. ஹெபடைடிஸ் ஏ என்ற அந்தக் கிருமி மலம் கலந்த தண்ணீரில் வருவது. ஆறு வயதுக்குள் தொற்றினால் பெரும்பாலும் காய்ச்சல்கூடத் தெரியாது, வாழ்நாள் முழுக்கக் காவல் கிடைத்துவிடும். வளர்ந்த பிறகு வந்தால் கண் மஞ்சளாகி வாரக்கணக்கில் படுக்க வைக்கும், சிலருக்குக் கல்லீரலே போய்விடும். கேரளத்தில் கழிப்பறை வந்தது, சுத்தம் கூடியது. ஒரு தலைமுறை சிறுவயதில் அந்தக் கிருமியைச் சந்திக்காமல் வளர்ந்தது. ஆனால் கிணறும் கழிவுத் தொட்டியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, கல்யாண வீட்டில் வெந்நீரில் பச்சைத் தண்ணீரைக் கலந்து கொடுக்கிறார்கள். கிருமி போகவில்லை, பழக்கம் மட்டும் போயிற்று. அதனால் அடிபட்டவர்கள் இளைஞர்களும் நடுவயதுக்காரர்களும்.

"பார்த்தீர்களா, சுத்தம்தான் கெடுத்தது" என்று இதைக் காட்டி வாதிடலாம். நான் உறுதியாக மறுக்கிறேன். கெடுத்தது பாதியில் நின்றுபோன சுத்தம். கிணற்றேணியில் பாதி தூரம் ஏறி நின்றவனுக்குத்தான் கை நடுங்கும். அதற்காக அவனை மறுபடி கிணற்றுக்குள் இறங்கச் சொல்வார் இல்லை. பழைய நிலைக்குத் திரும்புவது என்றால் ரோட்டா, டைபாய்டு, காலரா எல்லாவற்றையும் ஒரே குவளையில் பிள்ளைக்குக் கொடுப்பது என்று பொருள். ஹெபடைடிஸ் ஏ தனியாக வராது.

நம் ஊரும் இதே நிலைக்கு வந்துகொண்டிருக்கிறது. இங்கே பெய்யும் மழை பாண்டியாறாக இறங்கி, கீழே புன்னப்புழையாகிச் சாலியாற்றில் சேர்கிறது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான பாடிகளுக்குப் பக்கத்து ஓடையில் நாம் விடுவது எதுவோ அதை நிலம்பூர்க்காரர் குடிக்கிறார். ஒரு தலைமுறைக்கு முன் எல்லாரும் ஓடையில் குடித்தோம். இப்போது வீட்டுக்கு வீடு கழிப்பறை வந்துவிட்டது. அந்தக் கழிவு எங்கே போகிறது என்று பார்க்கிற ஏற்பாடு வரவில்லை. லைன் வீடுகளுக்கு மேட்டிலிருந்து ரப்பர் குழாயில் வரும் ஊற்றுத் தண்ணீரை யாரும் சோதிப்பதில்லை, குளோரின் போடுவதில்லை.

உணவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதற்கும் நீலகிரியிலேயே வரலாறு இருக்கிறது. குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் 1907இல் வெறிநாய்க்கடி மருந்துக்காகத் தொடங்கப்பட்டது. அங்கேயே ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவர் எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவைக் கொடுத்து வளர்த்தார். கோதுமை ரொட்டியும் பாலும் பருப்பும் காய்கறியும் தின்ற எலிகள் திடமாக இருந்தன. தீட்டிய அரிசியும் சிறிது காய்கறியும் மட்டும் தின்றவை நெஞ்சு நோயிலும் வயிற்று நோயிலும் விழுந்தன. எல்லா எலிக்கும் ஒரே மாதிரிக் கூண்டு, ஒரே மாதிரிச் சுத்தம். பிள்ளையின் எதிர்ப்பாற்றலைப் பற்றிக் கவலைப்படுகிறவர் முதலில் அதன் தட்டில் முட்டையும் கீரையும் பயறும் இருக்கின்றனவா என்று பார்க்கட்டும். வாட்ஸ்அப்பில் வரும் கஷாயப் பொடிக்கு அப்புறம் போகலாம்.

ஆகவே தாய்மார்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். பிள்ளையை மண்ணில் விளையாட விடுங்கள். ஆட்டுக்குட்டியைத் தூக்கட்டும், மழையில் நனையட்டும், ஒரு நாள் முழுக்கக் காட்டு ஓரத்தில் திரியட்டும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுங்கள். வெறும் சளிக்கு ஆன்டிபயாடிக் எழுதச் சொல்லி மருத்துவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள். மலம் கழுவிய பிறகும், சமைக்கும் முன்னும், பிள்ளைக்கு ஊட்டும் முன்னும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள். ஊசி ஒன்றைக்கூடத் தவற விடாதீர்கள். குடற்புழு மாத்திரையை அங்கன்வாடியில் கொடுத்தால் வாங்கி விழுங்க வையுங்கள். வீட்டுத் தரையை நாளுக்கு நான்கு முறை கிருமிநாசினியால் துடைக்க வேண்டிய தேவை எவருக்கும் இல்லை.

அரசிடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசி இந்திய அரசின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் இல்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குத் தனியார் மருத்துவமனையில் போடுகிறார்கள், கொழுந்து பறிக்கிறவர் பிள்ளைக்கு இல்லை. ஹைதராபாதின் இந்தியன் இம்யூனாலஜிகல்ஸ் 2024 ஜனவரியில் இந்தியாவிலேயே உருவாக்கிய ஊசியைக் கொண்டுவந்துவிட்டது. அந்த நிறுவனத்தின் வெறிநாய்க்கடித் தடுப்பூசி நம் ஊட்டி புதுமந்தில்தான் தயாராகிறது. ஆகவே ஊசி எட்டாத பொருள் அல்ல. கூடலூர், பந்தலூர் வட்டங்களில் ஒரு வயது முடிந்த எல்லாக் குழந்தைகளுக்கும் அதைப் போட வேண்டும் என்றும், பாடிகளுக்கு வரும் ஒவ்வோர் ஊற்றின் நீரையும் மழைக்காலம் தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் சோதித்து முடிவை அங்கன்வாடிச் சுவரில் எழுத வேண்டும் என்றும், திருமணப் பேச்சு எடுக்கும் வயதுக்கு முன்பே ஆதிவாசிப் பிள்ளைகள் அனைவருக்கும் அரிவாள் செல் சோதனை செய்து அட்டை தர வேண்டும் என்றும் ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். மண்டபத்து வாசலில் மேசைமேல் இருக்கிறது. படித்துப் பார்த்து, சரி என்று தோன்றுகிறவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.